வங்கம் தந்த இசைக்கவி காஜி நஸ்ருல் இஸ்லாம்

தோற்றுவாய்

காவிரியின் தென்கரையில், திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் வழியில் அமைந்த ஜீயபுரம் நாம் பிறந்து வளர்ந்த ஊர். அங்கே எம் பாட்டனார் இல்லத்துப் பரணில் சாவி கொடுத்து இயக்கும் கிராமபோன் பெட்டி ஒன்றும், ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் இருந்தன. நோன்புப் பெருநாள் இரவுகளில் அவற்றுள் ஒரு தட்டைப் பாட்டனார் தவறாது வைப்பார் என்று அத்தா சொல்லக் கேட்டிருக்கிறோம். பாட்டனார் மறைந்த பின்னர், ஓட்டுக்கூரை வழியே ஒழுகிய மழைநீரில் தட்டுகளின் நடுவே ஒட்டியிருந்த வட்டத் தாள்கள் கரைந்து போயின. எந்தத் தட்டில் எவர் குரல் இருக்கிறது என்று அறிய வழியில்லாமற் போகவே, ஒருநாள் அவை பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போயின. அப்பொழுது நமக்கு வயது பத்து. தடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தப் பெருநாள் பாட்டைப் பாடியவர் யார், எழுதியவர் யார் என்பதைச் சொல்வார் இன்று எம் குடும்பத்தில் எவருமில்லை.

வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் அவர்களின் வரலாற்றைப் பயிலப் புகுந்தபோது இந்தப் பழைய நிகழ்ச்சி நம் நெஞ்சில் மீண்டும் எழுந்தது. தம் பாடல்களைத் தாமே இயற்றி, தாமே பண்ணமைத்து, தாமே பாடியும் பிறருக்குப் பயிற்றியும் வந்த பெருங்கலைஞர் அவர். நாற்பத்து மூன்றாம் வயதில் பேச்சும் நினைவும் இழந்து, அதன்பின் முப்பத்து நான்கு ஆண்டுகள் மௌனமாகவே வாழ்ந்தார். பாடலைப் படைத்தவர் உயிரோடிருந்தும் அதன் மெட்டை அவரிடம் கேட்டறிய இயலாத நிலை. அந்நிலையில் அவர் பாடல்களுக்குச் சான்றாக நின்றவை பழைய இசைத்தட்டுகளே. கவிஞரைப் புரட்சிப் பாவலர் என்ற அளவில் தமிழ் மாணவர் அறிவர். அவருடைய இசைவாழ்வையும், அவ்விசை மீட்கப்பட்ட வரலாற்றையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கூத்தும்

மேற்கு வங்கத்தில் ஆசன்சோல் நகருக்கு அருகில் உள்ள சுருலியா என்னும் சிற்றூரில் 1899ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் நஸ்ருல் பிறந்தார். தந்தையார் காஜி ஃபக்கீர் அகமது ஊர்ப் பள்ளிவாசலிலும் அதனையொட்டிய அடக்கத்தலத்திலும் பணிபுரிந்தவர். தாயார் பெயர் ஜாகிதா காத்தூன். வறுமை மிக்க இல்லத்தில் பிறந்த பிள்ளையைத் துயரன் என்று பொருள்படும் துக்கு மியா என்னும் செல்லப் பெயரால் ஊரார் அழைத்தனர். 1908இல் தந்தையார் இறையடி சேர்ந்தார். பத்து வயதை எட்டிய அளவில் சிறுவர் குடும்பத்தைத் தாங்க வேண்டியவரானார். மக்தபில் குழந்தைகளுக்கு ஓதிக் கொடுத்தார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்.

அவ்வட்டாரத்தில் லேட்டோ என்னும் நாட்டுப்புறக் கூத்து வழங்கி வந்தது. நம் தெருக்கூத்தையும் லாவணியையும் ஒருங்கே நினைவூட்டும் கலை அது. ஊர் ஊராகச் செல்லும் குழுவினர் கதை நடிப்பர்; பாட்டிலேயே வினா எழுப்பி எதிர்க்குழுவை மடக்குவர். உறவினர் ஒருவர் வழியாக நஸ்ருல் அக்குழுவிற் சேர்ந்தார். விரைவிலேயே பாட்டுக் கட்டவும் சிறு நாடகங்கள் எழுதவும் தேர்ந்தார். ஓரிடத்தில் இஸ்லாமிய வரலாற்றுக் கதை நடைபெறும். மற்றோரிடத்தில் மகாபாரதக் கதை நடைபெறும். இரண்டையும் பாடினால்தான் கூத்தனுக்குப் பிழைப்பு. பிற்காலத்தில் இரு சமயத்தாரின் உள்ளத்தையும் தொடும் பாடல்களை அவர் தங்குதடையின்றி இயற்றியதற்கு வித்து இங்கே ஊன்றப்பட்டது எனலாம். கேட்போர் முகத்தைக் கண்டு அந்த இடத்திலேயே பாட்டைப் புனையும் ஆற்றலும் கூத்து தந்த கொடையே.

வறுமை அவரைப் பள்ளியில் தொடர்ந்து நிற்க விடவில்லை. ஆசன்சோலில் ரொட்டிக் கடை ஒன்றில் மாவு பிசைந்தார். அவருடைய அறிவுக் கூர்மையைக் கண்ட காவல்துறை அலுவலர் ஒருவர் 1914இல் அவரை மைமன்சிங் மாவட்டத்துத் திரிசால் பகுதிக்கு அழைத்துச் சென்று பள்ளியிற் சேர்த்தார். பின்னர் சியார்சோல் இராஜ் பள்ளியில் பயின்றபோது பாரசீக மொழியும் இந்துஸ்தானி இசையும் அறிமுகமாயின.

பாசறையிலிருந்து சிறைக்கு

1917இல் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு 49ஆம் வங்காளப் படைப்பிரிவில் நஸ்ருல் சேர்ந்தார். கராச்சிப் பாசறையில் அவல்தார் நிலைக்கு உயர்ந்தார். அங்கிருந்த பஞ்சாபி மௌலவி ஒருவரிடம் ஹாஃபிஸ் முதலிய பாரசீகப் பெருங்கவிகளைப் பாடம் கேட்டார். 1920இல் அப்படைப்பிரிவு கலைக்கப்பட்டதும் கல்கத்தா வந்து, முஸ்லிம் எழுத்தாளர் சங்கம் இயங்கிய கல்லூரித் தெரு இல்லத்தில் தங்கினார். பொதுவுடைமை இயக்க முன்னோடியான முசாஃபர் அகமது அங்கே அவருக்கு உற்ற தோழரானார்.

1921 டிசம்பர் இறுதியில், ஒரே இரவில் எழுதியதாகச் சொல்லப்படும் புரட்சியாளன் என்னும் நெடுங்கவிதை 1922 சனவரியில் இதழில் வெளிவந்தது. இருபத்திரண்டே வயதான இளைஞரின் பெயர் வங்கம் எங்கும் பரவியது. நம் பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பரில். தெற்கே ஒரு குரல் அடங்கிய நான்கு திங்களுக்குள் கிழக்கே மற்றொரு குரல் எழுந்ததைத் தமிழ் மாணவர் நினைவிற் கொள்ளுதல் தகும்.

அக்காலத்திலேயே சிறைக்கதவுகளை உடைத்தெறிய அறைகூவும் அணிநடைப் பாடல் ஒன்றையும் அவர் இயற்றினார். தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் சிறைப்பட்டிருந்த வேளையில் அவர்தம் இதழுக்காக எழுதப்பட்ட பாடல் அது. இப்பாடலைப் பற்றிப் பின்னர் மீண்டும் சொல்ல நேரும்.

1922 ஆகஸ்டில் வால்மீன் என்னும் பொருள்படும் தூம்கேது இதழைத் தொடங்கினார். அதில் வெளியிட்ட அரசியல் கவிதைக்காக அவ்வாண்டு நவம்பரில் கைது செய்யப்பட்டு, 1923 சனவரியில் ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். இரவீந்திரநாத் தாகூர் தம் வசந்தம் என்னும் இசைநாடகத்தைச் சிறையிலிருந்த இவ்விளங்கவிஞருக்குக் காணிக்கையாக்கினார். ஹூக்ளிச் சிறையில் கைதிகள் நடத்தப்பட்ட கொடுமையை எதிர்த்து ஏறத்தாழ 40 நாட்கள் நஸ்ருல் உண்ணாநோன்பிருந்தார். 1923 டிசம்பரில் விடுதலையானார். 1924 ஏப்ரலில் இந்துக் குடும்பத்தைச் சேர்ந்த பிரமீளா தேவியை மணந்தார். இரு தரப்பிலும் எதிர்ப்பு எழுந்தது; இருவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

இசைத்தட்டு உலகில்

நஸ்ருலின் பாடல் முதன்முதலாக இசைத்தட்டில் ஏறியது 1925ஆம் ஆண்டில். சாதியின் பெயரால் நிகழும் இழிவைச் சாடும் அப்பாடலை ஹரேந்திரநாத் தத்தர் பாடினார். 1926இல் கிருஷ்ணநகரில் வாழ்ந்த காலத்தில், பாரசீகத்திலும் உருதுவிலும் தழைத்த கஸல் வடிவத்தை வங்க மொழிக்கு ஏற்றவாறு அமைத்துப் பாடத் தொடங்கினார். வங்கக் காதுகளுக்கு அது புதுச்சுவையாயிற்று. 1928ஆம் ஆண்டளவில் கிராமபோன் கம்பெனி அவரைப் பாடலாசிரியராகவும் பயிற்றுநராகவும் அமர்த்திக் கொண்டது. நாய்ச் சின்னம் பொறித்த தட்டு என்று நம் முன்னோர் அறிந்திருந்த அதே நிறுவனம்தான்.

இசைத்தட்டின் இயல்பை இங்குச் சற்று விளக்குதல் வேண்டும். மரங்களில் அரக்குப்பூச்சி சுரக்கும் அரக்கைக் காய்ச்சி, கல்தூள் முதலியவை கலந்து அச்சிட்ட தட்டு அது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். விடிய விடியக் கூத்தாடிப் பழகிய கலைஞர், பாட்டின் எடுப்பும் தொடுப்பும் முடிப்பும் அம்மூன்று நிமிடத்திற்குள் நிறைவுறுமாறு இயற்ற வேண்டியிருந்தது. நஸ்ருல் அக்கட்டுப்பாட்டையே கலையாக்கினார்.

கல்கத்தாவின் சித்பூர் சாலையில் இருந்த ஒத்திகைக் கூடத்தில் அவர் பணிபுரிந்த விதத்தை உடனிருந்தோர் பலர் நினைவுகூர்ந்துள்ளனர். முன்னே ஆர்மோனியம், அருகே வெற்றிலைச் செல்லமும் தேநீரும். பாடகர் வந்து அமர்ந்ததும் அவருடைய குரலின் எல்லையை அறிந்து அதற்கேற்பப் பாட்டும் மெட்டும் ஒருசேரப் பிறக்கும். அங்கூர்பாலா, இந்துபாலா, கமலா ஜரியா, யூதிகா ராய் முதலிய புகழ்பெற்ற பாடகியர் அவரிடம் பாடம் கேட்டனர். அவரோ உஸ்தாத் ஜமீருத்தீன் கானிடம் தும்ரி முதலிய வடிவங்களைப் பணிவுடன் கற்றார்.

அவர் பயன்படுத்திய மெட்டுகளின் பரப்பு வியப்புக்குரியது. ஓடக்காரரின் பாட்டியாலி, தம் பிறந்த மண்ணின் ஜூமூர், பாவுல் நாடோடிகளின் பாட்டு, கஸல், அரபு நாட்டு மெட்டுகள், செவ்வியல் இராகங்கள் ஆகிய யாவும் அவர் கையில் மக்கள் பாட்டாயின. புதிய இராகங்கள் சிலவற்றையும் அவர் உருவாக்கினார். அவற்றுள் ஒன்றன் பெயர் மீனாட்சி என்பது தமிழர்க்கு மகிழ்வூட்டும். காவிரி நீரில் மலர்களை மிதக்க விட்டுத் தன்னை மறந்து நிற்கும் பெண்ணொருத்தியைத் தென்னாட்டுச் சாயல் கொண்ட இராகத்தில் அவர் பாடியிருப்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஆடிப்பெருக்கன்று ஜீயபுரம் படித்துறையில் பெண்டிர் பூக்களை ஆற்றில் விடக் கண்டு வளர்ந்த நமக்கு, கங்கைச் சமவெளியில் பிறந்த அப்பாட்டு நம் ஊர்ப் பாட்டாகவே தோன்றுகிறது.

அவர் இயற்றிய பாடல்கள் 3,000க்கும் மேற்பட்டவை என்று ஆய்வாளர் கணக்கிடுவர்.

இரு சமயத்தார்க்கும் உரிய பாட்டு

நாட்டுப்புறப் பாடகர் அப்பாசுத்தீன் அகமது, இஸ்லாமியப் பாடல்களைத் தட்டில் பதிவு செய்ய வேண்டும் என்று நஸ்ருலை வேண்டினார். கம்பெனியின் ஒத்திகைப் பொறுப்பாளரான பகவதி பட்டாச்சாரியர் முதலில் இசையவில்லை. விற்பனையாகாது என்பது அவர் கணிப்பு. ஏழை முஸ்லிம் இல்லங்களில் கிராமபோன் பெட்டியே அரிது. இசையை விலக்கென்று கருதிய பெரியோரும் பலர். அப்பாசுத்தீன் பல மாதங்கள் காத்திருந்து மீண்டும் கேட்டார். இம்முறை இசைவு கிடைத்தது. நஸ்ருல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அரைமணிப் பொழுதில் நோன்புப் பெருநாளைப் போற்றும் பாடலை எழுதி முடித்தார் என்று அப்பாசுத்தீன் பதிந்துள்ளார். 1932 பிப்ரவரியில், பெருநாளையொட்டி அத்தட்டு வெளிவந்தது. விற்பனை கம்பெனியாரின் கணிப்பைப் பொய்யாக்கியது. அன்று தொடங்கி இன்றுவரை வங்க முஸ்லிம்களின் பெருநாள் அப்பாட்டின்றி நிறைவுறுவதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் போற்றும் பாடல்கள் பலவும் தொடர்ந்து வந்தன.

அதே காலத்தில் காளியைப் பாடும் சியாமா சங்கீதம், கண்ணனைப் பாடும் கீர்த்தனம் ஆகியவற்றையும் நூற்றுக்கணக்கில் அவர் இயற்றினார். வங்க இந்துக்கள் தங்கள் பூசை நாட்களில் அவற்றை இன்றும் பாடுகின்றனர்.

இசைத்தட்டு வணிகத்தின் விந்தை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். முகம்மது காசிம் என்னும் முஸ்லிம் பாடகர் கே. மல்லிக் என்ற பெயரில் இந்துப் பக்திப் பாடல்களைப் பாடினார். தீரேன் தாஸ் என்னும் இந்துப் பாடகர் கனி மியான் என்ற பெயரில் இஸ்லாமியப் பாடல்களைப் பாடினார். கிரீன் சக்கரவர்த்தியும் அவ்வாறே சோனா மியான் ஆனார். வாங்குவோர் மனம் சுளிக்குமோ என்னும் வணிகரின் அச்சமே இம்மாற்றுப் பெயர்களுக்குக் காரணம். பெயரை மாற்றச் சொன்னது சந்தை; குரலை ஏற்றுக்கொண்டது மக்கள் செவி. நஸ்ருல் மட்டும் இருவகைப் பாடலையும் தம் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார். அதற்காக இரு தரப்பாரின் ஏச்சையும் ஏற்றார்.

இஃது எங்கோ நிகழ்ந்த புதுமை என்று நாம் எண்ண வேண்டியதில்லை. திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்கு இடமுண்டு. ரொட்டியும் வெண்ணெயும் அங்கே படைக்கப்படுகின்றன. பங்குனித் திருநாளில் நம்பெருமாள் ஜீயபுரத்திற்கு எழுந்தருளும்போது, அவ்வூர் முஸ்லிம் பிள்ளைகளாகிய நாமும் தெருவோரம் நின்று பார்த்தே வளர்ந்தோம். திருச்சியில் நத்தர்வலி தர்காவுக்கு வரும் கூட்டத்தில் எச்சமயத்தார் இல்லை? குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைச் சமய வேறுபாடின்றிப் பாடிய நாடு இது. நஸ்ருலின் உள்ளம் தமிழகத்தார்க்கு அயலானதன்று.

துன்பமும் மௌனமும்

புகழ் வளர்ந்த அளவுக்கு நஸ்ருலின் இல்லத்தில் துன்பமும் வளர்ந்தது. 1926இல் பிறந்த அருமை மகன் புல்புல் 1930இல் அம்மை நோயால் இறந்தான். 1939இல் மனைவி பிரமீளா இடுப்புக்குக் கீழே செயலிழந்து படுக்கையுற்றார். மருத்துவச் செலவுக்காகத் தம் இசைத்தட்டுகளின் உரிமைத் தொகையையும் நூல்களின் உரிமையையும் 400 உரூபாய்க்கு நஸ்ருல் அடகு வைத்தார் என்று வரலாறு எழுதியோர் குறிப்பிடுவர். வங்கமெங்கும் ஒலித்த பாடல்களின் ஆசிரியர்க்கு அவற்றின் வருவாயே கைவிட்டுப் போயிற்று.

அந்நிலையிலும் அவர் ஓயவில்லை. அகில இந்திய வானொலியின் கல்கத்தா நிலையத்தில் அரிய இராகங்களை ஆய்ந்து விளக்கும் இசைநிகழ்ச்சிகளை நடத்தினார். 1941 ஆகஸ்டில் தாகூர் மறைந்தபோது இரங்கற்பா இயற்றித் தாமே வானொலியில் வாசித்தார். அவர் குரல் தட்டிலும் பதிவாயிற்று. பிறர் பாடிய அவருடைய பாடல்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, அவர் தம் குரலிலேயே பதிந்து நமக்குக் கிட்டியிருப்பவை மிகச் சில.

1942 சூலையில் அவருக்குத் திடீரென நாக்குழறியது. சில திங்களில் பேச்சு முற்றாக நின்றது, நினைவும் தேய்ந்தது. 1952இல் இராஞ்சி மருத்துவமனையிலும், 1953இல் இலண்டனிலும் வியன்னாவிலும் அவரைக் காட்டினர். வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஹோஃப், மூளையின் பகுதிகள் சுருங்கித் தேயும் பிக் நோய் இது, குணப்படுத்த இயலாது என்று அறிவித்தார். நடக்கவும் எழவும் இயலாத பிரமீளா அம்மையார், நினைவிழந்த கணவரைப் படுக்கையில் இருந்தவாறே இருபது ஆண்டுகள் பேணினார். 1962இல் அவ்வம்மையார் காலமாகிச் சுருலியாவில் அடக்கமானார். இந்திய அரசு 1960இல் அளித்த பத்மபூஷண் விருதைக் கவிஞர் உணர்ந்தாரா என்பதற்கு அடையாளமில்லை.

வங்கதேசம் விடுதலை பெற்றதும், 1972 மே 24ஆம் நாள், தம் பிறந்தநாளில் அவர் டாக்கா அழைத்துச் செல்லப்பட்டார். அவருடைய அணிநடைப் பாடல் ஒன்றை அந்நாடு தன் படைநடைப் பாட்டாக ஏற்றது. 1976 ஆகஸ்ட் 29ஆம் நாள் டாக்காவில் அவர் இறையடி சேர்ந்தார். தம்மைப் பள்ளிவாசலின் அருகே அடக்கம் செய்யவேண்டும் என்னும் விழைவைப் பாடல் ஒன்றில் அவர் வெளியிட்டிருந்தார். அதன்படி டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசலின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். பாங்கொலியோடு தொடங்கிய வாழ்வு பாங்கொலி கேட்கும் இடத்திலேயே நிறைவுற்றது.

தட்டுகளைத் தேடி

கவிஞர் மௌனமான பின் அவர் பாடல்களுக்கு நேர்ந்ததைக் காண்போம். எழுத்து வடிவம் நூல்களிலும் குறிப்பேடுகளிலும் கிடைத்தது. மெட்டு அவ்வாறன்று. சில பாடல்களுக்கே அக்காலத்தில் இசைக்குறிப்பு எழுதப்பட்டிருந்தது. அவர் நலமாயிருந்த நாளிலேயே கமல் தாஸ்குப்தா முதலிய இசையமைப்பாளர் அவர் இசைவுடன் பல பாடல்களுக்கு மெட்டமைத்தனர். அவர் பேச்சிழந்த பின்போ, எஞ்சிய பாடல்களுக்குப் பலரும் தத்தமக்குத் தோன்றியவாறு மெட்டமைத்தனர். முன்னரே மெட்டுள்ள பாடல்களையும் சிலர் மாற்றிப் பாடினர். இடையில் சில ஆண்டுகள் அவர் பாடல்கள் பெரிதும் மறக்கப்பட்டும் கிடந்தன. ஃபிரோஜா பேகம், மானவேந்திர முகோபாத்தியாய் போன்ற பாடகர் அவற்றை மீண்டும் மக்களிடம் கொண்டு சென்றனர். மக்கள் விரும்பிக் கேட்கக் கேட்க, எது கவிஞர் தந்த மெட்டு, எது பிறர் புனைந்தது என்னும் வினா கூர்மையாயிற்று.

விடை கூறவேண்டியவர் கண் திறந்து அமர்ந்திருந்தார், ஆனால் பேசவில்லை. ஆகவே, அவர் நலமாயிருந்த 1942க்கு முன்னர் வெளிவந்த தட்டுகளே முதன்மைச் சான்றாயின. அவற்றைப் பாடியோர் பலர் அவரிடமே நேரில் பாடம் கேட்டவர்கள். எனினும் அத்தட்டுகள் எளிதில் உடைவன. ஊசி உராய்ந்து தேய்வன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பழைய தட்டுகளை உருக்கிப் புதியன செய்யும் வழக்கமும் பல நாடுகளில் பரவியது. எஞ்சியவை தனியார் இல்லங்களிலும் ஆர்வலர் சேமிப்புகளிலும் சிதறிக் கிடந்தன.

1985இல் டாக்காவில் நஸ்ருல் ஆய்வு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. பழைய தட்டுகளைத் திரட்டி, அவற்றைக் கேட்டு, மெட்டை வரிவரியாக இசைக்குறிப்பாக எழுதி, வல்லுநர் குழுவின் ஒப்புதல் பெற்றுத் தொகுதி தொகுதியாக அது வெளியிட்டது. இப்பணியில் பல்லாண்டு உழைத்தவர் இசையறிஞர் சுதின் தாஸ். அவர் 2017இல் காலமானார். தேய்ந்த தட்டின் இரைச்சலுக்கிடையே ஒரு சுரத்தைப் பிரித்தறிவதற்குப் பலமுறை கேட்கவேண்டும். ஓலைச்சுவடியில் செல்லரித்த எழுத்தை உ.வே. சாமிநாதையர் தேடிக் கண்ட உழைப்புக்கு இது நிகரானது. பழந்தட்டுகளின் பாடல்கள் பின்னர் ஒலிநாடாக்களிலும் குறுந்தகடுகளிலும் தொகுக்கப்பட்டதால், கவிஞரிடம் நேரில் கற்றோரின் குரல்களை இன்றைய இளைஞரும் கேட்க முடிகிறது.

இத்தொகுப்புப் பணி வெறும் பழமைப் பற்று அன்று என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 1971 போரைக் களமாகக் கொண்ட பிப்பா என்னும் இந்தித் திரைப்படம் 2023 நவம்பரில் வெளிவந்தது. முன்னர் நாம் குறிப்பிட்ட சிறையுடைப்புப் பாடலை நம் தமிழகத்து இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் அதில் புதிய மெட்டில் அமைத்திருந்தார். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. கவிஞர் குடும்பத்தார் சிலரும் மெட்டு மாற்றத்துக்கு உடன்படவில்லை என்றனர். உரிய ஒப்பந்தம் பெற்றே பாடலைக் கையாண்டதாகப் படத்தயாரிப்பாளர் விளக்கி, மனம் புண்பட்டோரிடம் வருத்தமும் தெரிவித்தனர்.

இதில் எவரையும் குறைகூறுவது நம் நோக்கமன்று. கூத்து மேடையில் மெட்டுகளைக் கலந்து பாடி வளர்ந்தவரே நஸ்ருல். பாட்டு காலந்தோறும் புத்துருக் கொள்வதும் இயல்பே. ஆயினும், மாற்றம் நிகழ்ந்தது என்று மக்களால் உடனே அறிய முடிந்ததற்குக் காரணம், 1949இல் கிரீன் சக்கரவர்த்தி பாடிய தட்டு கைவசம் இருந்தமையும், அம்மெட்டு தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வந்தமையுமே. மூலம் கையில் இருந்தால் புதியதை அதனோடு ஒப்பிட்டு ஏற்கலாம், மறுக்கலாம். மூலம் தொலைந்தால் அந்த வழக்கே எழாது. எது தொலைந்தது என்பதுகூடத் தெரியாது.

நமக்குரிய பாடம்

இங்கே தமிழராகிய நம் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. பாரதியார் தம் பாடல்களைத் தாமே உரக்கப் பாடியவர். பல பாடல்களுக்கு இராகமும் தாளமும் குறித்தவர். அவர் எழுத்துரிமையை அரசு 1949இல் வாங்கி மக்களுக்கு உரியதாக்கியது. எழுத்து பிழைத்தது. அவர் குரலைத் தாங்கிய தட்டு ஒன்றேனும் நமக்குக் கிட்டவில்லை. குணங்குடியார் பாடல்களை ஏட்டில் படிக்கிறோம். அவர் எம்மெட்டில் பாடினார் என்பதை எவர் சொல்வார்? நம் காலத்திலேயே நாகூர் இ. எம். ஹனிஃபா அவர்களின் கம்பீரக் குரல் தமிழக முஸ்லிம் இல்லங்களின் மங்கல நிகழ்ச்சிகள் அனைத்திலும் ஒலித்தது. அவர் பாடல்கள் பரவலாகக் கிடைக்கின்றன. ஆனால் அவருக்கு முன்னும் அவரோடும் பாடிய பலர் உளர். அவர்தம் தட்டுகளும் ஒலிநாடாக்களும் எத்தனை பரண்களில் கிடக்கின்றனவோ, எத்தனை எடைக்குப் போயினவோ!

நஸ்ருலின் பாடல்களைக் காத்தவர்கள் பேரரசர்களோ பெருஞ்செல்வர்களோ அல்லர். ஒரு தட்டை உடையாமல் துணியிற் சுற்றி வைத்த இல்லத்தார். பாடம் கேட்ட மெட்டை மாற்றாமல் மாணவிக்குச் சொல்லிக் கொடுத்த பாடகியர். பொறுமையுடன் செவிகொடுத்து எழுதிய இசைவாணர் ஆகியோரே. அத்தகைய பணி நம் கல்லூரித் தமிழ்த்துறை மாணவர் கைக்கும் எட்டுவதே.

நம் மாணவர் பலர் குளித்தலை, பெட்டவாய்த்தலை, ஜீயபுரம் ஆகிய ஊர்களிலிருந்து நாள்தோறும் வந்து செல்கின்றனர். விடுமுறையில் தத்தம் இல்லங்களில் தேடிப் பார்க்கலாம். பழைய தட்டோ ஒலிநாடாவோ கிடைத்தால் முதலில் அதன்மேல் உள்ள தாளைப் படியெடுத்து வைக்க வேண்டும். குரல் தேயுமுன் தாள் அழியும் என்பது எம் இல்லம் கற்பித்த பாடம். தட்டு இல்லாவிடினும் பாட்டி இருக்கிறார். அவர் பாடும் தாலாட்டையும் நலுங்குப் பாட்டையும் முனாஜாத்தையும் கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். எவரிடம் கற்றார், எந்த ஊரில், எந்நாளில் பாடப்பட்டது என்று அவரையே கேட்டு எழுதி வைக்கலாம். கேட்டால் சொல்லும் நிலையில் அவர் இருக்கும்போதே கேட்க வேண்டும். நஸ்ருலிடம் கேட்க விரும்பியோர்க்கு அவ்வாய்ப்பு 1942க்குப் பின் வாய்க்கவில்லை.

எம் பாட்டனார் பெருநாள் இரவில் வைத்த தட்டை இனி நாம் மீட்க முடியாது. அதே தட்டு வேறொருவர் இல்லத்தில் இன்னும் இருக்கலாம். இம்மலரைப் படிக்கும் மாணவர் எவரேனும் அதைத் துறைக்குக் கொண்டு வந்தால், அதில் ஒலிப்பது எம் வீட்டுப் பாட்டு என்று நம்மால் அடையாளம் காண இயலாது. ஆயினும் அதைக் கேட்க ஆவலோடு காத்திருப்போம்.